பழைய சீட்டுக்கட்டுகளைச் சேர்ப்பதும் காலம் கணிப்பதும்: இராமநாதபுரக் கடற்கரையில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பழைய சீட்டுக்கட்டுகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர் முதலில் காதில் வாங்காமல் விட வேண்டியது, விற்பவர் சொல்லும் வயதை. "எங்க அய்யா காலத்துச் சீட்டு", "வெள்ளைக்காரன் கப்பலில் வந்தது" என்ற பேச்சில் பொய் இருந்தாக வேண்டும் என்பதில்லை; ஆனால் அய்யா ஆடியது ஒரு கட்டாகவும், பெட்டியில் எஞ்சியது அவருடைய பேரன் வாங்கி வைத்த வேறொரு கட்டாகவும் இருப்பது மிகச் சாதாரணம். கட்டின் வயதைச் சொல்ல வேண்டியவை அதன் தாளும் மையும் பெட்டியும்தான். அவற்றைப் படிக்க ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: ஒரு கட்டில் காணப்படும் அடையாளங்களுள் எது மிகப் பிந்தியதோ, அதற்கு முன்னால் அந்தக் கட்டு அச்சாகியிருக்க முடியாது. ராஜா ராணியின் உடை எத்தனை நூற்றாண்டு பழையதாகத் தெரிந்தாலும், பெட்டியின் அடியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அந்தப் பெட்டி 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது; இந்தியாவில் அந்த எண்முறை அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. கீழே சொல்லப்படும் வழிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியின் விரிவுகளே.

எங்கே தேடுவது

இராமநாதபுரக் கடற்கரையில் இருப்பவருக்கு உள்நாட்டு ஊர்க்காரருக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும், மறுபடி ரயிலேறிக் கொழும்புக்கும் போகும் வழி அமைந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்த வழியில் ஆட்களும் சாமான்களும் போய்வந்தபடி இருந்தன. கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் போன்ற ஊர்களிலிருந்து சபுராளிகள், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் என்று போனார்கள். பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். எனவே இந்தியத் தயாரிப்புகளோடு இங்கிலாந்து, பெல்ஜியம், ஜப்பான், ஹாங்காங் கட்டுகளும், விமான நிறுவனங்கள் பயணிகளுக்குக் கொடுத்த கட்டுகளும் இந்தக் கரையின் டிரங்குப் பெட்டிகளில் கிடக்க வாய்ப்பு அதிகம்.

தேட வேண்டிய இடங்களில் முதலாவது, இடிக்கப்படவோ பாகம் பிரிக்கப்படவோ இருக்கும் பழைய வீடு. பரணிலிருந்து இறக்கப்படும் தகரப் பெட்டிகளில் சென்ட் புட்டி, பழைய பாஸ்போர்ட் உறை, ரேடியோ லைசென்ஸ் புத்தகம் ஆகியவற்றோடு சீட்டுக்கட்டும் கிடக்கும். அடுத்தது காயலான் கடை. அங்கே காகிதம் எடைக்கு வந்து எடைக்குப் போய்விடும் என்பதால், கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, எடைக்குத் தருவதைக் காட்டிலும் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதாகப் பேசிக்கொள்வது நல்லது. மூன்றாவதாக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வலை பின்னும் கொட்டகைகளின் நிழலில் ஆட்டம் நடக்கும் இடங்களைச் சொல்லலாம். அங்கே கையில் இருக்கும் கட்டு புதியதாகவே இருக்கும். ஆனால் ஐம்பது ஆண்டுகளாக ஆடிவரும் பெரியவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள், எந்தக் காலத்தில் எந்தக் கட்டு எந்தக் கடையில் கிடைத்தது என்று அவர்களுக்குத் தெரியும். பணம் வைத்து ஆடும் இடமானால் பேச்சோடு நிறுத்திக்கொண்டு எழுந்துவிட வேண்டும். 1930ஆம் ஆண்டின் சூதாட்டத் தடைச் சட்டம், சேகரிக்க வந்தவர், ஆட வந்தவர் என்று பிரித்துப் பார்க்கத் தாமதமாகும்.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். "வீட்டில் சீட்டுக்கட்டு இருக்கிறதா?" என்று வாசலில் நின்று கேட்டால் பல வீடுகளில் முகம் மாறிவிடும். இஸ்லாமிய வீடுகளில் சீட்டாட்டம் மார்க்கத்துக்கு ஒவ்வாதது என்பதால், இருந்தாலும் இல்லை என்றே பதில் வரும். மற்ற வீடுகளில் சீட்டால் தோப்பையோ படகையோ இழந்த ஒரு பெரியப்பாவின் நினைவு குறுக்கே நிற்கும். "ராத்தா, கொழும்புச் சாமான் இருந்த பெட்டியில பழைய டப்பா, அட்டைப்பெட்டி, விமான டிக்கெட்டு ஏதும் கிடக்கா? தூக்கிப் போடறதா இருந்தா எனக்குத் தாங்களேன்" என்று பொதுவாகக் கேட்பதே பலன் தரும். பெட்டியைத் திறந்தபின் கட்டு தானாக வெளியே வரும், அதோடு அதைக் கொண்டுவந்தவரின் கதையும் வரும். அந்தக் கதையைக் கணிப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாமல், கட்டு எங்கிருந்து வந்தது என்பதற்கான குறிப்பாக மட்டும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, பெட்டி இல்லாத, பாதி தேய்ந்த, 1980களுக்குப் பிந்தைய இந்தியக் கட்டுக்குப் புதிய கட்டின் விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. பெட்டியும் ஜோக்கரும் இஸ்பேட் ஆஸும் கூடுதல் சீட்டும் (மதிப்பெண் பட்டியல் போன்றவை அச்சான உபரிச் சீட்டு) சேர்ந்து இருக்கும் கட்டானால், சில சீட்டுகள் குறைந்திருந்தாலும் அதை விட்டுவிடக் கூடாது. இவை நான்கும் சேர்ந்தால்தான் காலத்தை நெருக்கமாகச் சொல்ல முடியும். மற்ற 51 சீட்டுகளுக்கும் கணிப்பில் அத்தனை பங்கு இல்லை.

கட்டு கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவை

வேண்டிய கருவிகள் சில மட்டுமே. நகைக்கடைக்காரர் பயன்படுத்தும் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, மில்லிமீட்டர் அளவுகோல், கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதாக் கதிர் விளக்கு, மென்மையான பெயின்ட் பிரஷ், ஒரு நோட்டு. இவற்றை இராமநாதபுரம் கடைத்தெருவில் ஒரே மாலையில் வாங்கிவிடலாம்.

கட்டைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே பெட்டியை எல்லாப் பக்கமும் படம் எடுத்துவிட வேண்டும். பழைய பெட்டியின் மடிப்பு முதல் திறப்பிலேயே கிழிவது வழக்கம். சீட்டுகளை வெளியே எடுத்ததும் கலைக்கக் கூடாது. அவை இருக்கும் வரிசைக்கும் பொருள் உண்டு: ஆட்டத்துக்கே எடுக்காத கட்டானால் ஒவ்வொரு சாதியும் (இஸ்பேட், ஆர்ட்டின் போன்ற பிரிவு) ஆஸிலிருந்து ராஜா வரை ஒழுங்காக அடுக்கியிருக்கும். வரிசையைக் குறித்துக்கொண்டபின் இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்று நான்காகப் பிரித்து எண்ண வேண்டும். ஒரு சீட்டின் பின்பக்கம் மட்டும் நிறம் சற்று மங்கியோ, ஓரம் ஒரு நூலளவு அகன்றோ தெரிந்தால் அது வேறு கட்டிலிருந்து வந்து சேர்ந்தது. தொலைந்த சீட்டுக்குப் பதிலாக மற்றொரு கட்டின் சீட்டைச் சேர்ப்பது ஆடுபவர்களின் நெடுநாள் வழக்கம். இது தெரியாமல் அந்த ஒரு சீட்டை வைத்து முழுக் கட்டுக்கும் காலம் சொன்னால் கணிப்பு கவிழ்ந்துவிடும்.

சீட்டின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் இருந்தால் அதைப் பூஞ்சை என்று எண்ணி உடனே துடைக்க வேண்டாம். சீட்டு வழுக்கிக்கொண்டு போவதற்காக முகப்பவுடர் தூவி ஆடுவது நம் பக்கத்து வழக்கம். கண்ணாடி வைத்துப் பார்த்தால் பவுடர் சீட்டின் பின்பக்கப் பள்ளங்களில் வரிவரியாகப் படிந்திருப்பதும், பூஞ்சையானால் திட்டுத்திட்டாக நூல்போலப் படர்ந்திருப்பதும் தெளிவாகத் தெரியும். பவுடரை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடலாம். பூஞ்சை பிடித்த கட்டை மற்றவற்றோடு சேர்க்காமல் தனி உறையில் போட வேண்டும்.

பெட்டியில் இருக்கும் எழுத்து

இந்தியக் கட்டுகளுக்குக் காலம் சொல்வதில் பெட்டியை மிஞ்சிய சான்று கிடையாது. படச்சீட்டுகள் பல ஆண்டுகள் மாறாமலே அச்சாகும். பெட்டியில் உள்ள விலையும் முகவரியும் அரசாணைகளோடு சேர்ந்து மாறியாக வேண்டும்.

முதலில் விலையைப் பார்க்க வேண்டும். அணாக் கணக்கில் விலை அச்சாகியிருந்தால் அது பத்துப் பத்தாக எண்ணும் நாணய முறை வந்த 1957 ஏப்ரல் 1க்கு முந்தியது அல்லது அந்த மாற்றத்தை ஒட்டியது. நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. 1964 ஜூன் முதல் 'நயா' என்ற சொல் விடுபட்டு வெறும் பைசா ஆயிற்று. ஏழு ஆண்டு இடைவெளிக்குள் ஒரு கட்டை அடக்கித் தரும் இந்தச் சிறு சொல்லை நான் மற்ற எல்லா அடையாளங்களைக் காட்டிலும் விரும்புகிறேன். அதிகபட்சச் சில்லறை விலை, எல்லா வரிகளும் உட்பட என்ற வாசகம் 1990களின் அடையாளம். 890 என்று தொடங்கும் பட்டைக்குறியீடும் அந்தப் பத்தாண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் விலை எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெட்டியோடு சேர்ந்து அச்சான விலை தயாரிப்புக் காலத்தைச் சொல்லும். கடைக்காரர் ரப்பர் முத்திரையாகக் குத்தியதோ ஒட்டியதோ விற்ற காலத்தை மட்டும் சொல்லும்.

அடுத்து முகவரி. ஊர்ப்பெயரை அடுத்து 'மதராஸ்-1' என்பதுபோல ஓரிரு இலக்க வட்ட எண் மட்டும் இருந்தால் 1972ஆம் ஆண்டின் ஆறு இலக்க எண்ணுக்கு முந்தைய வழக்கம் அது. நிறுவனத்தின் பெயரில் 'பிரைவேட் லிமிடெட்' என்று முடிந்தால் 1956ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்துக்குப் பிந்தியது; அதற்கு முன் தனியார் கம்பெனிகளும் வெறும் 'லிமிடெட்' என்றே எழுதின. பம்பாய் 1995இலும், மெட்ராஸ் 1996இலும், கல்கத்தா 2001இலும் பெயர் மாறின. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. புதிய பெயர் இருந்தால் கட்டு அந்த ஆண்டுக்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். பழைய பெயர் இருந்தால் முந்தியது என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது, ஏனென்றால் அச்சடித்து வைத்த பெட்டிகளைத் தீர்க்கும்வரை எந்த முதலாளியும் புதிதாக அச்சடிக்க மாட்டார்.

வெளிநாட்டுப் பெட்டிகளில் நாட்டின் பெயர் இதே வேலையைச் செய்யும். அமெரிக்கச் சந்தைக்குப் போகும் இறக்குமதிப் பொருள்களில் தயாரித்த நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்ற விதி 1891இல் நடைமுறைக்கு வந்தபின் அந்த வழக்கம் மற்ற இடங்களுக்கும் பரவியது. மேற்கு ஜெர்மனி என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில். ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்றிருந்தால் போர் முடிந்ததிலிருந்து 1952க்குள். கொழும்புக் கடையின் முத்திரையில் சிலோன் என்றிருப்பதும் ஸ்ரீலங்கா என்றிருப்பதும் 1972 மே 22 என்ற நாளின் இரு பக்கங்கள்.

இஸ்பேட் ஆஸ்

இங்கிலாந்தில் 1711 முதல் 1960 வரை சீட்டுக்கட்டுக்கு வரி இருந்தது. வரி கட்டியதற்கு அடையாளம் இஸ்பேட் ஆஸ்தான். 1765 முதல் 1862 வரை அந்த ஒரு சீட்டை மட்டும் அரசின் முத்திரை அலுவலகமே அச்சிட்டுத் தயாரிப்பாளருக்குக் கொடுத்தது. இஸ்பேட் ஆஸ் மற்ற மூன்று ஆஸ்களைப்போல வெறுமையாக இல்லாமல் வேலைப்பாட்டோடு இருப்பதற்குக் காரணம் இந்த வரிதான். அதைக் கள்ளத்தனமாக அச்சிட்டதற்காக ரிச்சர்ட் ஹார்டிங் என்பவர் 1805இல் தூக்கிலிடப்பட்டார். ஒரு சீட்டுக்காக உயிர் போனது என்று சொன்னால் நம் ஆட்டக்காரர்கள் நம்ப மறுப்பார்கள். 1828 முதல் 1862 வரை வந்த, சுருள் சுருளான கோடுகள் நெருங்கிய ஆஸுக்குச் சேகரிப்பாளர்கள் 'ஓல்டு ஃப்ரிஸில்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு ஷில்லிங் வரி என்ற வாசகம் அதில் இருக்கும். 1862இல் வரி மூன்று பென்னியாகக் குறைந்து, ஆஸை அச்சிடும் உரிமை தயாரிப்பாளர்களிடம் வந்தபின், அதில் வரி வாசகம் போய்க் கம்பெனியின் பெயரும் சின்னமும் இடம்பிடித்தன.

வெளிநாட்டு நூல்களைப் படித்துவிட்டு நம் கரையில் தேடுபவர் இந்த இடத்தில் தடுமாறக்கூடும். இங்கிலாந்தின் வரி உள்நாட்டில் விற்கும் கட்டுகளுக்கு உரியது. கடல் கடந்து வந்த கட்டுகளுக்கு அது பொருந்தாது. முந்தைய காலத்து ஏற்றுமதிக் கட்டுகளின் ஆஸில் ஏற்றுமதிக்கு உரியது என்ற வாசகமே தனியாக இருக்கும். எனவே இங்கே கிடைத்த ஆங்கிலக் கட்டில் வரி அடையாளம் இல்லை என்பதை மட்டும் வைத்து அது 1960க்குப் பிந்தியது என்று முடிவு கட்டக் கூடாது.

ஆஸில் உள்ள பெயரைப் படிக்கும்போது சில நிறுவனங்களின் வரலாறு தெரிந்திருப்பது உதவும். தாமஸ் டி லா ரூ 1831இல் வண்ணச் சீட்டு அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சார்லஸ் குடால் நிறுவனம் 1820இல் தொடங்கி, 1920களின் தொடக்கத்தில் டி லா ரூவின் கைக்குப் போனது, ஆனாலும் குடால் என்ற பெயர் கட்டுகளில் தொடர்ந்தது. பெல்ஜியத்தின் டுர்ன்ஹவுட் நகரம் சீட்டு அச்சுக்குப் பேர்போனது. அங்கிருந்த நிறுவனங்கள் 1970இல் இணைந்து கார்ட்டா முண்டி ஆயின. எனவே அந்தப் பெயர் இருந்தால் கட்டு 1970க்குப் பிந்தியது. இந்தியா, பர்மா சந்தைகளுக்காக டுர்ன்ஹவுட் நிறுவனங்கள் தலைப்பாகை அணிந்த அரசரின் படத்தோடு 'கிரேட் மொகல்' என்ற ஆஸ் கொண்ட மலிவுக் கட்டுகளை ஏராளமாக அனுப்பின. இந்தக் கரையில் தேடுபவர் எதிர்பார்த்திருக்க வேண்டிய கட்டு இது. அமெரிக்காவின் பைசைக்கிள் கட்டுகள் 1885இல் தொடங்கியவை. அவற்றின் இஸ்பேட் ஆஸில் உள்ள ஆங்கில எழுத்தும் எண்ணும் ஆண்டைக் குறிப்பவை என்றாலும், அதே எழுத்து சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால் எழுத்தோடு பெட்டியையும் வரிமுத்திரையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

படச்சீட்டு, மூலை, ஜோக்கர்

பெட்டி தொலைந்துபோன கட்டில் சீட்டின் அமைப்பைத்தான் நம்ப வேண்டியிருக்கும். தலையும் காலுமாக முழு உருவம் வரைந்த படச்சீட்டு, எப்படித் திருப்பினாலும் தலை மேலே தெரியும் இருதலைப் படத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழிவிட்டது. மூலையில் சிறியதாக எண்ணையும் சாதியையும் போடும் வழக்கம் 1870களில் பரவியது. அதற்குமுன் விசிறிபோலச் சீட்டைப் பிடித்து ஆடுவதற்கு வசதி இல்லை. கூரான மூலைகள் வட்டமானதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். ஜோக்கர் 1860களில் அமெரிக்காவில் யூக்கர் என்ற ஆட்டத்துக்காகப் பிறந்து, 1880களை ஒட்டி இங்கிலாந்துக் கட்டுகளில் நுழைந்தது. பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருப்பது 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை சாதாரணம்.

இவற்றையெல்லாம் மேற்சொன்ன விதியோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும். மூலைக் குறி இருந்தால் கட்டு 1870களுக்கு முன் போகாது என்பது உறுதி. மூலைக் குறி இல்லாததால் அது 1870க்கு முந்தியது என்பது உறுதி அல்ல, ஏனென்றால் கீழ்நாட்டுச் சந்தைக்கு வந்த மலிவுக் கட்டுகளில் கூர்மூலையும் குறியில்லா முகமும் நெடுங்காலம் நீடித்தன. கிரேட் மொகல் கட்டு கிடைத்தவர்கள் ஐம்பது அறுபது ஆண்டுகளைக் கூட்டிச் சொல்லிவிடுவது இதனால்தான்.

ஆங்கிலப் படங்களின் நிலையான தோற்றத்தை ஒருமுறை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது: ஆர்ட்டின் ராஜாவுக்கு மீசை இல்லை, வாள் தலைக்குப் பின்னால் போகும், டைமன் ராஜாவும், இஸ்பேட், ஆர்ட்டின் ஜாக்கிகளும் பக்கவாட்டில் ஒரு கண் மட்டும் தெரிய நிற்பார்கள். இதிலிருந்து விலகிய படங்கள் வேறு நாட்டு மரபைச் சேர்ந்தவை. மூலையில் கே, க்யூ, ஜே என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக ஆர், டி, வி இருந்து, படங்களின் பக்கத்தில் தாவீது, சார்ல், சேசர், அலெக்சாந்தர் போன்ற பெயர்கள் அச்சாகியிருந்தால் அது பிரெஞ்சுக் கட்டு. காரைக்காலோடும் சைகோனோடும் தொடர்பிருந்த குடும்பங்களில் இதைத் தேடலாம். பிரான்சில் விற்ற கட்டானால் 1890 முதல் 1945 வரை கிளாவர் ஆஸில் வரிமுத்திரை இருக்கும்.

கூடுதல் சீட்டையும் படித்துப் பார்க்க வேண்டும். காண்ட்ராக்ட் பிரிட்ஜ் ஆட்டத்தின் மதிப்பெண் பட்டியல் அச்சாகியிருந்தால், ஹெரால்டு வாண்டர்பில்ட் அந்த ஆட்டத்தை உருவாக்கிய 1925க்குப் பிந்தியது என்று முடிவாகும். அகலத்தை அளந்தால், சுமார் 57 மில்லிமீட்டர் இருப்பது பிரிட்ஜ் அளவு, 63 மில்லிமீட்டர் இருப்பது போக்கர் அளவு. இது காலத்தைச் சொல்வதை விட, கலந்த சீட்டைக் கண்டுபிடிக்கவே அதிகம் பயன்படும்.

தாள், அச்சு, பிளாஸ்டிக்

கண்ணாடியை ராணியின் கன்னத்தின்மேல் வைத்துப் பாருங்கள். நிறம் ஒரே சீராகப் பரவியோ, கையால் வைத்ததுபோல ஒழுங்கற்ற புள்ளிகளாகவோ இருந்தால் அது பழைய கல்லச்சு, எழுத்தச்சு முறைகளைச் சேர்ந்தது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வரிசை தவறாமல் சிறு பூப்பூவாக நெருங்கியிருந்தால் அது புகைப்பட முறையில் பிரித்து அச்சிட்ட 20ஆம் நூற்றாண்டு வேலை. பழைய பாணியில் இன்று அச்சிடப்படும் போலிகளும் நினைவுப்பொருள் கட்டுகளும் இந்தச் சோதனையிலேயே பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

பிறகு இருட்டறையில் ஊதாக் கதிர் விளக்கைக் காட்ட வேண்டும். தாளை வெளுப்பாகக் காட்டும் ரசாயனங்கள் 1950 வாக்கில்தான் காகிதத் தொழிலில் புழக்கத்துக்கு வந்தன. அவை கலந்த தாள் விளக்கொளியில் நீலவெள்ளையாகப் பளிச்சிடும், அதற்கு முந்தைய தாள் மங்கலான மஞ்சளாகவே நிற்கும். சோப்புத்தூள் கலந்த நீரால் யாராவது துடைத்திருந்தாலும் இந்தப் பளபளப்பு வரும் என்பதால், சீட்டின் பரப்பை விட வெட்டிய ஓரத்தைப் பார்ப்பது நல்லது. முழுவதும் பிளாஸ்டிக்கில் ஆன சீட்டு 1930களுக்கு முன் போகாது. ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் பிளாஸ்டிக் சீட்டைக் கொண்டுவந்தது 1953இல். இன்று வீடியோ விளையாட்டுக்குப் பெயர்பெற்ற அதே நிறுவனம்தான். 1889இல் அது தொடங்கியதே சீட்டு செய்வதற்காக.

விமானக் கட்டுகள்

சபுராளி வீடுகளில் மிகுதியாகக் கிடைப்பவை இவை. தொடங்குபவர் காலக்கணிப்புப் பழக இதைவிட எளிய இடம் இல்லை. பின்பக்கத்தில் இருக்கும் பெயரே தேதி. ஏர் இந்தியா இன்டர்நேஷனல் என்றிருந்தால் 1948க்கும் 1962க்கும் இடையில், வெறும் ஏர் இந்தியா என்றிருந்தால் 1962க்குப் பின். மலேயன் ஏர்வேஸ் 1963இல் மலேசியன் ஏர்வேஸ் ஆகி, 1966 இறுதியில் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆகி, 1972இல் இரண்டாகப் பிரிந்தது. ஏர் சிலோன் போய் ஏர் லங்கா வந்தது 1979இல். அந்தப் பெயரும் 1990களின் இறுதியில் ஸ்ரீலங்கன் ஆயிற்று.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். தங்கக்கோடு போட்ட மெல்லிய அட்டைப்பெட்டி, பின்பக்கத்தில் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்ற பெயர், 52 சீட்டு, இரண்டு ஜோக்கர், ஒரு பிரிட்ஜ் மதிப்பெண் சீட்டு. ஊதா விளக்கில் ஓரம் பளிச்சிடுகிறது. மதிப்பெண் சீட்டு 1925க்குப் பிந்தியது என்கிறது, தாள் 1950ஐ ஒட்டி அல்லது அதற்குப் பிந்தியது என்கிறது, பெயர் 1966 இறுதிக்குப் பிந்தியது என்கிறது. மூன்றில் பிந்தியது பெயர். எனவே தொடக்க எல்லை 1966 இறுதி. அந்த நிறுவனம் 1972இல் பிரிந்துவிட்டதால் இறுதி எல்லையும் கிடைத்துவிடுகிறது. நோட்டில் '1966–1972' என்று எழுத வேண்டும். கொடுத்தவர் "1960ல எங்க மாமா கொண்டுவந்தது" என்று சொல்லியிருந்தால் அதையும் அவர் சொன்னதாகவே பக்கத்தில் எழுதலாம், திருத்தி ஒன்றாக்க வேண்டாம். நடுவில் ஓர் ஆண்டைத் தேர்ந்து 1969 என்று எழுதுவது இந்தத் துறையில் பரவலான கெட்ட பழக்கம். அடுத்து வாங்குபவர் அதை உறுதியான ஆண்டாகவே எடுத்துக்கொள்வார்.

கஞ்சிஃபா

கஞ்சிஃபா எனப்படும் வட்டமான, கையால் வரைந்த, அரக்குப் பூசிய சீட்டுகள் எப்போதாவது கண்ணில் படலாம். பாபர் தம் நினைவுக் குறிப்பில் 1527இல் கஞ்சிஃபாவைக் குறிப்பிடுகிறார். முகலாய வகை எட்டுச் சாதிகளில் 96 சீட்டுகளும், தசாவதார வகை பத்துச் சாதிகளில் 120 சீட்டுகளும் கொண்டது. ஒடிசாவிலும் சாவந்த்வாடியிலும் பிஷ்ணுபூரிலும் இவை இன்றும் செய்யப்படுவதால், யாத்திரை போனவர்கள் வாங்கிவந்த புதியவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன அச்சுச் சோதனைகள் இவற்றுக்கு உதவாது. இவற்றை அனுபவமுள்ளவரிடம் காட்டாமல் விலை கொடுக்க வேண்டாம்.

உப்புக்காற்றில் காப்பது

இந்தக் கரையில் சீட்டுக்கு முதல் எதிரி காற்றில் இருக்கும் உப்பு. அது ஈரத்தை இழுத்துக்கொண்டு பசையை இளக்கி, ஒட்டிய தாள்களைப் பிரித்துவிடும். பீரோவைக் கடலைப் பார்த்த சுவரில் சாய்த்து வைக்காமல் உள்சுவர்ப் பக்கம் வைத்து, சுவருக்கும் அதற்கும் இடையில் ஒரு கையளவு இடம் விட வேண்டும். ஒவ்வொரு கட்டையும் பாலிபுரொப்பிலீன் உறையில் இட்டு, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அந்தப் பைகளை அடிக்கடி சூடுகாட்டி உலர்த்த வேண்டும். பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் அது பிசுபிசுத்து மையை இழுக்கும். ரப்பர் பேண்ட் போட்ட கட்டு கிடைத்தால் அதை உடனே நறுக்கி எடுக்க வேண்டும்; உருகிய ரப்பர் ஓரச் சீட்டுகளில் ஒட்டிக் கறையாகும், உரித்தால் தாளோடு வரும்.

ராமபாணப் பூச்சிக்குச் சீட்டின் பசை மிகப் பிடித்த உணவு. அதற்காக அந்துருண்டை போடுவது நம் வீடுகளின் வழக்கம். ஆனால் அதன் ஆவி பிளாஸ்டிக் சீட்டையும் உறையையும் கெடுக்கும், வாடையும் போகாது. டப்பாவை இறுக மூடி, மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதே போதுமானது. கிழிந்த பெட்டிக்குச் செல்லோடேப் ஒட்டுவதும், முழுச் சீட்டையும் லேமினேஷன் செய்வதும் திரும்பப் பெற முடியாத சேதங்கள். நனைந்த சீட்டை வெயிலில் காயவைத்தால் வளைந்துவிடும். மை உறிஞ்சும் தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி, நிழலில் உலர்த்த வேண்டும்.

பதிவும் பரிமாற்றமும்

கட்டு ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, கிடைத்த ஊர், கொடுத்தவர் சொன்ன செய்தி, பெட்டியின் வாசகங்கள் முழுமையாக, சீட்டின் அளவு, குறைந்த சீட்டுகள், மாற்றுச் சீட்டுகள், தொடக்க எல்லை, இறுதி எல்லை, அந்த எல்லைகளுக்கான காரணம் ஆகியவற்றை எழுத வேண்டும். காரணம் எழுதாத கணிப்பைச் சில ஆண்டுகள் கழித்து எழுதியவராலேயே சரிபார்க்க முடியாது.

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தனிநபர்களுக்குத் தடை செய்கிறது. எனவே பழைய கஞ்சிஃபாவோ மிகப் பழைய கட்டோ கையில் இருந்தால் வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்குத் தபாலில் அனுப்பிவிடக் கூடாது. முதலில் தொல்லியல் துறையை அணுகி, அது தொல்பொருள் இல்லை என்று சான்று பெற முடியுமா என்று கேட்க வேண்டும். படம் அனுப்பிக் கருத்துக் கேட்பதற்குத் தடை எதுவும் இல்லை. 1972இல் தொடங்கிய சர்வதேசச் சீட்டுக்கட்டுச் சங்கத்தின் உறுப்பினர்கள் இத்தகைய கேள்விகளுக்குப் பழகியவர்கள். அனுப்பும்போது இஸ்பேட் ஆஸ், ஜோக்கர், நான்கு ராஜாக்கள், ஒரு பின்பக்கம், பெட்டியின் ஆறு பக்கங்கள் ஆகியவற்றை அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, நிழல் விழாத பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பினால், அவர்கள் மறுகேள்வி கேட்க வேண்டிய தேவை இராது.